மலை ஏற்றமும் கியர்ப் பெட்டியின் வெப்பமும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில், றம்பொடையை அண்டிய வளைவுகளிலே, விடுமுறைக் காலங்களில் ஒரு காட்சி கண்ணிற் படுவதுண்டு. பெரிய ஜீப் வண்டி ஒன்று வீதியோரத்தில் நிற்கும். முன்மூடி திறந்திருக்கும். வண்டிக்குரியவர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் ஏந்தியவண்ணம் எஞ்சினை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ரேடியேற்றரில் தண்ணீர் குறையவில்லை. எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள்ளும் நடுவிலேயே நிற்கின்றது. ஆயினும் வண்டி இழுக்க மறுக்கின்றது. அக்சிலரேற்றரை மிதித்தால் எஞ்சின் இரைகின்றதேயன்றிச் சில்லுகள் அதற்கேற்ப உருளவில்லை. அடியிலிருந்து கருகிய எண்ணெயின் வாடை வேறு எழுகின்றது. கையிலிருக்கும் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அவர் திகைக்கின்றார். நோய் எஞ்சினில் இல்லை, அதன் பின்னால் மறைந்திருக்கும் கியர்ப் பெட்டியில் உள்ளது என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. தோன்றாததில் வியப்புமில்லை. பெரும்பாலான வண்டிகளிலே கியர்ப் பெட்டியின் சூட்டைக் காட்டுவதற்கு ஒரு முள் கிடையாது.

ஓட்டோ கியர் வண்டிகள் இலங்கை வீதிகளில் இன்று சாதாரணமாகிவிட்டன. ஜீப்புகளிலும் இரட்டை ஆசனவரிசைப் பிக்கப்புகளிலும் கிளச்சு மிதியைத் தேடிக் கண்டுபிடிப்பது வரவர அரிதாகின்றது. சாரதியின் இடது காலுக்கு ஓய்வு கிடைத்தது நன்றே. ஆனால் அந்தக் கால் செய்துவந்த வேலையை வேறொன்று செய்தாகவேண்டுமன்றோ? அதனைச் செய்வது கியர்ப் பெட்டிக்குள் ஓடும் சிவந்த நிற எண்ணெய். கராஜ்களில் ‘ஏ.ரி.எஃப்.’ என்று வழங்குவது அதுவே. இடது காலின் உழைப்பு முழுவதும் அந்த எண்ணெயின் தலையிலே ஏற்றப்பட்டிருக்கின்றது. வண்டி மலை ஏறும்போது களைப்படைவதும் அதுதான்.

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றுப் பட்டு மற்றதன் இறக்கைகளும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், திறந்த வெளிக்குப் பதிலாக மூடிய உருண்டைக் கூட்டையும் வைத்துக்கொண்டால், ‘ரோர்க் கொன்வேட்டர்’ எனப்படும் முறுக்க மாற்றியின் தத்துவம் விளங்கிவிடும். எஞ்சினோடு பொருந்திய சக்கரம் எண்ணெயை வீசுகின்றது. கியர்ப் பெட்டியோடு பொருந்திய சக்கரம் அந்த வீச்சினால் சுழல்கின்றது. இரண்டுக்கும் நடுவிலுள்ள மூன்றாவது சிறு சக்கரம், திரும்பிவரும் எண்ணெயை நெறிப்படுத்தி, வண்டி புறப்படும் வேளையில் முறுக்கத்தைப் பெருக்கிக் கொடுக்கின்றது. இக்கருவி மோட்டார் வண்டிக்கெனப் பிறந்ததன்று. நீராவிச் சுழலியின் அதிவேகத்தைக் கப்பலின் உந்து சக்கரத்துக்கு ஏற்றவாறு தணித்துக் கொடுக்கும் பொருட்டு, ஸ்ரெற்றின் நகரத்துக் கப்பற் தளத்திற் பணியாற்றிய ஹேர்மன் ஃபொற்றிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1905ஆம் ஆண்டிலே இதற்குக் காப்புரிமை தேடினார். திரவ இணைப்போடு தானே மாறும் கியரையும் சேர்த்து, ‘ஹைட்ராமற்றிக்’ என்ற பெயரில் பெருந்தொகையாக விற்பனைக்கு விட்டது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம். 1939இல் அறிமுகமாகி, 1940ஆம் ஆண்டுக்குரிய ஒல்ட்ஸ்மொபில் கார்களில் அது வந்தது.

இனி வெப்பம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதைப் பார்க்கலாம். முன்னர்ச் சொன்ன மின்விசிறிகளில், இயங்கும் விசிறியின் வேகத்தை மற்ற விசிறி ஒருபோதும் எட்டிப் பிடிப்பதில்லை. முறுக்க மாற்றியிலும் அவ்வாறே. வீசும் சக்கரத்துக்கும் வாங்கும் சக்கரத்துக்கும் இடையே எப்பொழுதும் சிறிது வழுக்கல் உண்டு. வழுக்கலில் இழந்த வலு மறைந்துபோவதில்லை. அது முழுவதும் எண்ணெயிலே வெப்பமாகத் தங்குகின்றது. ஏற்றத்திலே எஞ்சின் 60 கிலோவாற்று வலுவைக் கொடுக்கின்றது என்றும், அதில் நூற்றுக்கு 80 பங்கு மட்டுமே மறுபுறம் சேர்கின்றது என்றும் வைத்துக்கொண்டால், மிகுதி 12 கிலோவாற்று எண்ணெயைச் சுட வைக்கின்றது. ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் பன்னிரண்டை ஒரு வாளி எண்ணெய்க்குள் அமிழ்த்தி எரிப்பதற்கு அது சமம். வண்டி அசையாமல் நிற்க, சாரதி அக்சிலரேற்றரை அழுத்திக்கொண்டிருந்தாலோ, இழப்பு நூற்றுக்கு நூறு. எஞ்சின் கொடுக்கும் வலு அத்தனையும் எண்ணெயிலேயே அடங்குகின்றது. அப்போது எண்ணெய் காய்ந்து கேடடைய நாழிகைக் கணக்கில் நேரம் வேண்டியதில்லை. நிமிடங்களே போதும்.

இவ்விழப்பைத் தவிர்க்கும் வழியும் பழையதே. அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1949இல் வெளியிட்ட ‘அல்ட்ராமற்றிக்’ கியரில், வண்டி ஓடத் தொடங்கிய பின்னர் இரண்டு சக்கரங்களையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் ஒரு கிளச்சு இருந்தது. பிணைப்பு விழுந்துவிட்டால் வழுக்கலில்லை. வழுக்கலில்லாவிடத்து அதனால் வரும் வெப்பமுமில்லை. இன்றைய ஓட்டோ கியர்கள் பெரும்பாலானவற்றில் இப்பிணைப்புக் கிளச்சு உண்டு. ஆனால் அது எந்நேரமும் பிணைந்திருப்பதன்று. வேகம் குறையும்போதும், சாரதி திடீரென அழுத்தி மிதிக்கும்போதும், கியர் மாறும்போதும் அது விலகிக்கொள்ளும். சமதரையில் நெடுந்தூரம் ஓடும் வண்டியின் கியர்ப் பெட்டி குளிர்ந்திருப்பதும், அதே வண்டி வளைந்து வளைந்து மலை ஏறும்போது கொதிப்பதும் இதனாலேயே. இச்சிறு வேறுபாட்டை மனத்தில் இருத்திய சாரதிக்கு மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும்.

அந்த எண்ணெய் செய்யும் வேலைகளோ பல. எஞ்சினின் வலுவைக் கடத்துவது அது. அமுக்கத்தோடு பாய்ந்து, உள்ளிருக்கும் கிளச்சுத் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கச் செய்வது அது. பற்சக்கரங்களுக்கு உராய்வு நீக்கியாக இருப்பதும் அதுவே. ஈற்றில், தான் வாங்கிய வெப்பத்தைத் தானே சுமந்து சென்று வெளியே விட்டுவர வேண்டியதும் அதன் பொறுப்பு. ஒரே ஆள் சமையல்காரனாகவும் பரிமாறுபவனாகவும் பாத்திரம் கழுவுபவனாகவும் இருக்கும் சாப்பாட்டுக் கடையை இது ஒக்கும். அவன் சோர்ந்தால் கடை முழுவதும் ஸ்தம்பிக்கும்.

கியர்ப் பெட்டியின் எண்ணெய் ஏறத்தாழ 80 பாகை செல்சியசிலிருந்து 95 பாகை வரை நின்றால் குறையொன்றுமில்லை. அதற்கு மேலே செல்லும்போதுதான் ஆயுள் தேயத் தொடங்குகின்றது. மோட்டார்த் திருத்துநரிடையே நெடுங்காலமாக ஒரு கணக்கு வழங்கி வருகின்றது. 80 பாகையளவில் நின்றால் 160,000 கிலோமீற்றர் உழைக்கும் எண்ணெய், ஒவ்வொரு 11 பாகை ஏற்றத்துக்கும் ஆயுளிற் பாதியை இழக்கும் என்பது அக்கணக்கு. அதன்படி 91 பாகையில் 80,000, 102 பாகையில் 40,000, 113 பாகையில் 20,000 என்று ஆயுள் இறங்குகின்றது. இது பழைய எண்ணெய்களை வைத்துப் போட்ட கணக்கு. இக்காலத்துச் செயற்கை எண்ணெய்கள் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆகவே எண்களைச் சாசனமாகக் கொள்ள வேண்டியதில்லை. அவை இறங்கும் போக்கைக் கவனித்தால் போதும். 120 பாகையை அடுத்து எண்ணெய் பிசினாகப் படியத் தொடங்கும். பின்னர் இறப்பர் அடைப்புகள் இறுகி வெடிக்கும். 150 பாகையளவில் கிளச்சுத் தட்டுகளின் மேற்பூச்சே கருகும். கருகிய துகள் எண்ணெயோடு கலந்து நுண்ணிய வாய்க்கால்களை அடைக்கும். அதனால் அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் தட்டுகள் மேலும் வழுக்கும். வழுக்கினால் மேலும் வெப்பம். இச்சுழலில் ஒரு முறை அகப்பட்ட கியர்ப் பெட்டி, புதிய எண்ணெய் வார்த்ததனால் மட்டும் மீண்டுவிடுவது அரிது. அதைக் கழற்றித் திருத்தவோ மாற்றவோ ஆகும் செலவைக் கேட்டு வண்டியையே விற்றுவிட்டவர்களும் உண்டு.

வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு யாது? பெரும்பாலான வண்டிகளிலே கியர் எண்ணெய் ஒரு குழாய் வழியாக முன்னே சென்று, ரேடியேற்றரின் பக்கத் தாங்கிக்குள் அமைந்த சிறு குளிராக்கிக்குட் புகுந்து, எஞ்சின் தண்ணீரிடம் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். இதில் ஒரு நன்மை, அதிகாலைக் குளிரில் எண்ணெய் விரைவாகப் பதமடைகின்றது. ஒரு குறையும் உண்டு. எஞ்சின் தண்ணீரே 90 பாகையில் நிற்கும்போது, அதனிடம் செல்லும் எண்ணெய் 90 பாகைக்குக் கீழே இறங்க வழியில்லை. கடன்பட்டவனிடமே கடன் கேட்கப் போனது போன்ற நிலை அது. ஆகையினால் பாரம் ஏற்றும் பிக்கப்புகளுக்கும், பின்வண்டி இழுக்கும் ஜீப்புகளுக்கும், ரேடியேற்றருக்கு முன்னால் காற்றுப் படும் இடத்தில் தனிக் குளிராக்கி ஒன்றைப் பொருத்துவர். எண்ணெய் முதலில் ரேடியேற்றரினூடாகச் சென்று, அதன் பின்னரே இத்தனிக் குளிராக்கிக்குள் புகுந்து, அங்கிருந்து நேரே கியர்ப் பெட்டிக்குத் திரும்புமாறு அமைப்பதே பெருவழக்கு. வரிசை மாறினால் காற்றிலே குளிர்ந்த எண்ணெய் ரேடியேற்றரில் மீண்டும் சூடேறித் திரும்பும். பொருத்துபவர் இதனை அறிந்தவர்தானா என்று வண்டிக்குரியவர் ஒரு சொல் கேட்டுவிடுவதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

இன்ன வண்டி இவ்வளவு பாரத்தை இழுக்கும் என்று விற்பனைப் புத்தகங்களில் அச்சிடுவார்களே, அதற்கு அடிப்படை யாது என்ற கேள்வி எழலாம். பலகாலமாக ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல அளந்து வந்தது. அமெரிக்காவின் மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 2008இல் ‘ஜே 2807’ என்னும் விதியை வெளியிட்ட பின்னரே பொதுவான அளவுகோல் ஒன்று கிடைத்தது. அதனை முதலில் ஏற்றது டொயோட்டா நிறுவனம். அமெரிக்க நிறுவனங்கள் பிந்தியே வந்தன. அவ்விதியின் கடினமான சோதனை, அரிசோனா மாநிலத்திலே கொலராடோ நதியின் டேவிஸ் அணைக்கருகிற் தொடங்கும் ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரத்துக்குள் அவ்வீதி 900 மீற்றர் உயர்கின்றது. சுற்றியிருப்பது பாலைநிலம். காற்றின் வெப்பம் 38 பாகைக்குக் குறையாதிருக்க வேண்டும். வண்டியிற் சொல்லப்பட்ட முழுப் பாரமும் பின்னால் இழுக்கப்பட வேண்டும். உள்ளே குளிரூட்டி முழு அளவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சாதாரணப் பிக்கப் வண்டியானால் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே இறங்கலாகாது. உச்சியை அடையும்வரை எச்சரிக்கை விளக்கொன்றும் எரியலாகாது. இவ்வளவுக்கும் தாங்கினாலன்றி அந்தப் பாரத்தைப் புத்தகத்தில் அச்சிட விதி இடந்தராது.

இச்சோதனையில் தேறிய வண்டி நுவரெலியா வீதியில் ஏன் தடுமாற வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரிசோனாவில் வெயில் கொடிது; ஆனால் வீதி அகன்றது, வேகம் அதிகம், முன்னாலிருந்து காற்று ஓயாமல் வந்து குளிராக்கியில் மோதும். பிணைப்புக் கிளச்சும் பெரும்பாலும் பிணைந்தே நிற்கும். மத்திய மலைநாட்டு வீதிகளின் இயல்போ வேறு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. கண்டியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர் என்று பார்த்தால் சராசரிச் சாய்வு பெரிதன்று. ஆயினும் புசல்லாவையைக் கடந்த பின்னர் ஏற்றம் வளைவுக்கு வளைவு குவிந்து நிற்கின்றது. முன்னே பஸ், அதன் முன்னே மரக்கறி லொறி, அதற்கும் முன்னே மூச்சு வாங்கும் பழைய வான். வேகம் மணிக்கு இருபதுக்கும் முப்பதுக்கும் இடையே ஊசலாடும். கூர் வளைவுகளில் நின்று நின்று புறப்பட வேண்டும். பழைய நான்கு கியர், ஐந்து கியர்ப் பெட்டிகளில் இவ்வேகத்திற்குப் பிணைப்பு விழுவதேயில்லை. வழுக்கல் ஓயாது, காற்றோ போதாது. மலைக்காற்றின் குளிர்ச்சி ஓரளவு கைகொடுக்கின்றது என்பது உண்மையே. ஆனால் ஏழு பேர் ஏறி, கூரை மேல் பெட்டிகளையும் கட்டிச் செல்லும் ஜீப்புக்கு அந்தக் குளிர்ச்சி மட்டும் போதாது. பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் வீதிக்கும் இதுவே பொருந்தும்.

அவ்வாறாயின் சாரதி செய்யத்தக்கது யாது? முதலாவது, ‘டீ’ என்னும் நிலையில் நெம்பை விட்டுவிட்டு எல்லாவற்றையும் யந்திரத்தின் அறிவுக்கே ஒப்படைத்துவிடலாகாது. மேல் கியருக்கும் கீழ்க் கியருக்கும் இடையே அது ஓயாமல் மாறி மாறித் தடுமாறுமானால், ஒவ்வொரு மாற்றத்திலும் தட்டுகள் உராய்ந்து சூடேறுகின்றன. ஏற்றம் தொடங்குமுன்பே நெம்பை ஒரு படி இறக்கி, கீழ்க் கியரில் நிலைநிறுத்திவிட வேண்டும். எஞ்சின் சற்று இரையும். அந்த இரைச்சலைக் கேட்டு அஞ்சும் சாரதிகள் பலர். உண்மையில் அந்த இரைச்சலே நன்மை. எஞ்சின் விரைவாகச் சுழலும்போது எண்ணெய்ப் பம்பி கூடுதலான எண்ணெயைக் குளிராக்கிக்கு அனுப்புகின்றது, வழுக்கலும் குறைகின்றது. பாரம் இழுக்கும்போது பயன்படுத்தும் தனிப் பொத்தான் சில பிக்கப்புகளில் உண்டு. அது செய்வதும் பெரும்பாலும் இதுவே. நான்கு சில்லு ஓட்டத்தில் ‘லோ’ நிலையுள்ள ஜீப்பானால், மண் பாதையிலே செங்குத்தாக ஊர்ந்து ஏறும்போது அதனைப் பயன்படுத்தத் தயங்கலாகாது. எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் பாரம் பாதியாகக் குறைந்துவிடும். தார் வீதியில் மட்டும் அது ஆகாது.

இரண்டாவது, ஏற்றத்திலே வாகன நெரிசலில் நிற்க நேர்ந்தால், பின்னே உருளாமல் அக்சிலரேற்றரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். இலங்கைச் சாரதிகளிடையே இது பெருவழக்கு. கிளச்சு வண்டி ஓட்டிப் பழகிய காலத்திலிருந்து தொடரும் கெடுபழக்கம் அது. நூற்றுக்கு நூறும் வெப்பமாகும் நிலை என்று முன்னர்ச் சொல்லப்பட்டது இதனையே. கால் பிரேக்கோ கைப் பிரேக்கோ வண்டியைப் பிடிக்கட்டும். கடற்கரை மணலிலோ வயற் சேற்றிலோ சில்லு புதைந்தால், ‘டீ’யிலும் ‘ஆர்’இலும் மாற்றி மாற்றி உறுமச் செய்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இரண்டொரு முறை முயன்று வண்டி அசையாவிட்டால் இறங்கி மண்ணை வெட்டுவதே மலிவான வழி.

ஏற்றத்தில் வண்டி வழுக்கத் தொடங்கினாலும், கருகிய வாடை வந்தாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். நிறுத்தியவுடன் எஞ்சினையும் அணைத்துவிடுவதே பெரும்பாலோரின் இயல்பு. இங்கே அது பிழை. எண்ணெய்ப் பம்பியை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் எண்ணெயோட்டமும் நின்றுவிடும். கொதித்த எண்ணெய் கொதித்த இடத்திலேயே தேங்கும். நெம்பை ‘பி’யில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, உள்ளே குளிரூட்டியை நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடங்கள் மெல்ல ஓடவிட வேண்டும். அடியில் எண்ணெய் ஒழுகினாலோ எஞ்சின் முள்ளும் சிவப்புக்கு ஏறினாலோ மட்டுமே உடனே அணைக்க வேண்டும்.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக எண்ணி ‘என்’ நிலையில் உருளவிடுவோர் இன்றும் உண்டு. அப்போது எஞ்சினின் தடுப்பு முற்றாக நீங்கி, பாரம் அனைத்தும் பிரேக்கின் மேல் விழுகின்றது. கொதித்த கியர்ப் பெட்டி பணத்தை வாங்கும். கொதித்த பிரேக் உயிரையே வாங்கும். ஏறிய கியரிலேயே இறங்குக என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது ஓட்டோ வண்டிக்கும் பொருந்தும்.

வீட்டில் இருக்கும்போது செய்ய வேண்டியது எண்ணெயைப் பார்த்துக்கொள்வது. அளவுகோல் உள்ள வண்டிகளில், சிறிது தூரம் ஓடி எண்ணெய் சூடேறிய பின்னர், சமதரையில் நிறுத்தி, பெரும்பாலானவற்றில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலே பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பார்க்கும் வண்டிகளும் உண்டாதலால் கைநூலைப் புரட்டிப் பார்ப்பது நன்று. குறைவது மட்டுமன்று, மிகுவதும் தீதே. மிகுந்தால் சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அமுக்கமும் இல்லை, வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றலும் இல்லை. சிவப்பு கபிலமாகிக் கருகிய மணம் வீசினால் காலம் கடந்துகொண்டிருக்கின்றது என்று பொருள். அளவுகோலே இல்லாத பெட்டிகளுக்கு எண்ணெய் மாற்றவே வேண்டியதில்லை என்று சொல்லி விற்பவர்களை அப்படியே நம்பிவிடலாகாது. வண்டியின் முழு ஆயுளுக்கும் என்று அவர்கள் கூறும்போது, எத்தனை ஆண்டு ஆயுளைக் கருதுகின்றார்கள் என்று கேட்க வேண்டும். பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்கு, கைநூலிலே கடும் உழைப்புக்கெனச் சொல்லப்பட்ட தவணையையே கொள்ள வேண்டும். சி.வி.ரி. எனப்படும் பட்டி வகைப் பெட்டிக்கும் இரட்டைக் கிளச்சுப் பெட்டிக்கும் எண்ணெய் வெவ்வேறு. கராஜில் பீப்பாய்க்குள் இருப்பதை எல்லாவற்றுக்கும் வார்ப்பவரிடம் வண்டியை விடுவது ஆபத்து. ரேடியேற்றருக்கு முன்னால் படியும் சேற்றையும் பூச்சிகளையும் மெதுவான நீரோட்டத்தாற் கழுவிவிடுவதும் இந்த வேலையோடு சேர்ந்தது.

ரேடியேற்றர் தாங்கிக்குள்ளிருக்கும் சிறு குளிராக்கியில் வெடிப்பு ஏற்படுமானால், கியர் எண்ணெயும் எஞ்சின் தண்ணீரும் ஒன்றுகலக்கும். அப்போது எண்ணெய் பால் கலந்ததுபோல இளஞ்சிவப்பாக மாறும். தண்ணீர் புகுந்த கிளச்சுத் தட்டுகளின் பூச்சு ஊறிக் கழன்றுவிடும். பழைய ஜீப் வாங்குபவர் எண்ணெயின் நிறத்தையும் ரேடியேற்றர் மூடியின் உட்புறத்தையும் பார்க்காமல் பணத்தைக் கொடுக்கலாகாது. அந்நிறத்தைக் கண்ட வண்டியை ஒரு மைல்தானும் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

அவ்வாறு நின்றுவிட்ட வண்டியைக் கராஜுக்குக் கொண்டுசெல்லும் வேளையிலும் கவனம் வேண்டும். கயிறு கட்டி இழுத்தால், எஞ்சின் நின்றிருக்கும் நிலையில், சில்லுகள் கியர்ப் பெட்டியைச் சுழற்றும். பம்பியோ ஓடாது. எண்ணெய் படாத உறுப்புகள் சில கிலோமீற்றருக்குள்ளேயே தேய்ந்து காய்ந்துவிடும். நான்கு சில்லுகளும் நிலத்திற் படாதவாறு தட்டையான மீட்பு லொறியில் ஏற்றியே அதனைக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த லொறி கம்பளையிலிருந்து வரத் தாமதமானாலும் சரி, மழை பெய்தாலும் சரி, வீதியோரத்திலே காத்திருக்கத்தான் வேண்டும்.